பாட்டுக்குக் கீழே எழுதியவர் பெயரையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிறிஸ்துமஸ் வந்தாலும் புனித வெள்ளி வந்தாலும் உங்கள் நாளிதழில் கிறிஸ்தவப் பாடல்களைப் பற்றி ஒரு கட்டுரையாவது வந்துவிடுகிறது. சந்தோஷம். ஆனால் வருஷா வருஷம் அதே இரண்டு மூன்று பாட்டு, அதே இரண்டு மூன்று பெயர். தமிழ்நாட்டுத் திருச்சபைகளில் நாங்கள் பாடுகிற பாமாலை, கீர்த்தனை, ஞானப்பாட்டு எல்லாம் சேர்த்தால் நூற்றுக்கணக்கில் இருக்கும். அவற்றை எழுதியவர் யார், மெட்டுப் போட்டவர் யார் என்று கேட்டால், ஐம்பது வருஷமாக மனப்பாடமாகப் பாடுகிறவர்களுக்கே தெரியாது.

இதில் எனக்கு உண்மையாகவே வருத்தம் உண்டு, அதனால்தான் எழுதுகிறேன். முன்பெல்லாம் பாட்டுப் புத்தகத்தைப் பிரித்தால் கீர்த்தனையின் தலையில் ராகமும் தாளமும் இருக்கும், பல பதிப்புகளில் எழுதியவர் பெயரும் சின்ன எழுத்திலாவது இருக்கும். இப்போது சுவரில் திரை வந்துவிட்டது, புரொஜெக்டரில் வரிகள் மட்டும் ஓடுகின்றன, பெயரும் இல்லை ராகமும் இல்லை. நான் பாடகர் குழுவில் இருக்கும் சபையில் புதிதாக அச்சடித்த பாட்டுப் புத்தகத்தில் பெயர்களை அடியோடு எடுத்துவிட்டார்கள். கேட்டதற்கு, பக்கம் கூடுகிறது, யார் அதைப் பார்க்கிறார்கள் என்று பதில். யூடியூபில் இன்னும் மோசம். பழைய பாட்டை எடுத்துப் புதிதாக வாத்தியம் சேர்த்துப் பாடுகிறார்கள், பாடியவர், கீபோர்டு வாசித்தவர், கேமரா பிடித்தவர், எடிட் செய்தவர் எல்லார் பெயரும் வரிசையாக வருகிறது, எழுதிய மனிதர் பெயர் மட்டும் வருவதில்லை.

பெயர் தெரிந்து என்ன ஆகப்போகிறது, பாட்டுத்தானே முக்கியம் என்று சிலர் கேட்பார்கள். அவர்களுக்கு ஜோசப் ஸ்கிரிவனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

‘பாவ சஞ்சலத்தை நீக்க பிராண நண்பர் தான் உண்டே’ என்ற பாட்டைத் தெரியாத தமிழ்க் கிறிஸ்தவர் இருக்க மாட்டார். வீட்டு ஜெபம், மருத்துவமனை வார்டு, அடக்க ஆராதனை, எங்கே போனாலும் புத்தகம் இல்லாமலே எடுத்துப் பாடுவோம். அதன் ஆங்கில மூலத்தை எழுதியவர்தான் ஸ்கிரிவன். 1819-ல் அயர்லாந்தில் பேன்பிரிட்ஜ் பக்கம் பிறந்தவர், டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் படித்தவர். இடையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் ராணுவக் கல்லூரியில் சேர்ந்து, உடம்பு ஒத்துழைக்காமல் திரும்பிவிட்டார், இல்லாவிட்டால் நம் ஊர்ப் பக்கமே ஒரு சிப்பாய் அதிகாரியாக வந்திருப்பார். கல்யாணம் நிச்சயமாகி, மறுநாள் கல்யாணம் என்ற நிலையில் மணப்பெண் ஆற்றில் மூழ்கி இறந்துபோனாள். அதன் பிறகு 1845-ல் கனடாவுக்குக் கப்பலேறினார். ஒன்டாரியோவில் போர்ட் ஹோப், ரைஸ் ஏரி என்ற பகுதிகளில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து வாழ்ந்தார். அங்கே எலைசா ரோச் என்ற பெண்ணோடு மறுபடி திருமணம் பேசி முடித்தார்கள், அவளும் 1860-ல் நோயில் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு அந்த மனிதர் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. கையில் இருந்ததைக் கொடுத்தார், போட்டிருந்த துணியைக்கூடக் கழற்றிக் கொடுத்தார் என்று அந்த ஊரில் சொல்வார்கள். கனடாவில் குளிர்காலத்துக்கு விறகு இல்லாவிட்டால் உயிரே போய்விடும், இவர் ரம்பத்தைத் தூக்கிக்கொண்டு விதவைகள் வீட்டுக்கும் நோயாளிகள் வீட்டுக்கும் போய் விறகு அறுத்துக் கொடுப்பார், கூலி கிடையாது. ஒரு தடவை வசதியான ஒருவர் இவரைத் தெருவில் பார்த்துவிட்டு, நம் வீட்டுக்கும் இந்த ஆளைக் கூப்பிடலாமே என்றாராம். பக்கத்தில் இருந்தவர், அவர் உங்கள் வீட்டுக்கு வரமாட்டார், கூலி கொடுக்க முடியாதவர்களுக்கு மட்டும்தான் அறுப்பார் என்றாராம்.

பாட்டை அவர் 1855-ல் எழுதியது அயர்லாந்தில் இருந்த தன் தாய்க்காக. தாய் கஷ்டத்தில் இருக்கிறாள், கடல் தாண்டிப் போய்ப் பார்க்க வழியில்லை, ஆறுதலாக நாலு வரி எழுதி அனுப்பினார், அவ்வளவுதான். அச்சில் வந்தபோது அதில் இவர் பெயரே கிடையாது. 1868-ல் அமெரிக்காவில் பென்சில்வேனியாவைச் சேர்ந்த சார்லஸ் கான்வர்ஸ் என்பவர் மெட்டுப் போட்டார், அவர் ஒரு வழக்கறிஞர், ஜெர்மனியில் போய் இசை படித்து வந்தவர். நாம் இன்று பாடுகிற மெட்டு அவருடையதுதான். பிறகு அமெரிக்க நற்செய்திப் பிரசங்கியார் மூடி நடத்திய கூட்டங்களின் பாடகர் சாங்கி இதைத் தன் பாட்டுப் புத்தகத்தில் சேர்த்தபோது, இது ஸ்காட்லாந்துக் கவிஞர் ஹொரேஷியஸ் போனர் எழுதியது என்று நினைத்துவிட்டார்கள். உலகம் முழுக்க அந்தப் பாட்டு பரவிக்கொண்டிருக்கும்போது, எழுதியவர் ஒரு கிராமத்தில் யாருக்கோ விறகு அறுத்துக்கொண்டிருந்தார். அவர் நோயாகக் கிடந்தபோது பார்க்க வந்த நண்பர் ஒருவர் கையெழுத்துப் பிரதியைப் பார்த்துவிட்டு, இது நீங்கள் எழுதியதா என்று கேட்டிருக்கிறார். ஆண்டவரும் நானும் சேர்ந்து எழுதினோம் என்று பதில் சொன்னாராம்.

1886 ஆகஸ்டில், காய்ச்சலில் ஒரு நண்பர் வீட்டில் படுத்திருந்தவர் இரவில் எழுந்து வெளியே போனார். பிறகு தண்ணீரில் பிணமாகத்தான் கிடைத்தார். தவறி விழுந்தாரா, என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. எலைசாவின் கல்லறைக்குப் பக்கத்திலேயே அடக்கம் செய்தார்கள்.

இதைத் தெரிந்துகொண்டு அந்தப் பாட்டைப் பாடிப் பாருங்கள். சோதனை, கஷ்டம், துக்கம் என்று வருகிற வரிகளைச் சௌகரியமாக உட்கார்ந்து எழுதிய ஆள் எழுதவில்லை என்பது புரிந்துவிட்டால், நாம் அதைப் பாடுகிற வேகமே மாறிவிடும். எங்கள் குழுவில் இந்தக் கதையை ஒரு ஒத்திகையின்போது சொன்னேன். அந்த வாரம் கீபோர்டு வாசிக்கிற தம்பி, அவனாகவே டிரம்ஸ் பீட்டைக் குறைத்துவிட்டான், நான் எதுவும் சொல்லவில்லை.

திருவிருந்து நேரத்தில் பாடுகிற ‘நான் பாவிதான்’ பாட்டுக்கும் இப்படி ஒரு பின்கதை உண்டு. சார்லட் எலியட், இங்கிலாந்துக்காரர், 1789-ல் பிறந்து 82 வயது வரை வாழ்ந்தவர். முப்பது வயது தாண்டியதிலிருந்து பெரும்பாலும் படுக்கையும் நாற்காலியும்தான். அவருடைய தம்பி ஒரு போதகர், ஏழைப் போதகர்களின் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கட்டப் பிரைட்டனில் ஒரு விற்பனை விழா ஏற்பாடு செய்திருந்தார், வீட்டில் எல்லாரும் அதற்கு ஓடி ஓடி வேலை செய்துகொண்டிருக்க இவர் மட்டும் எதற்கும் உதவாமல் கிடக்கிறோமே என்ற வேதனையில் எழுதியது அந்தப் பாட்டு. நான் இருக்கிறபடியே வருகிறேன் என்று திரும்பத் திரும்பச் சொல்கிற ஆங்கில மூலத்தை அந்த நிலைமையோடு வைத்துப் படித்தால்தான் முழு அர்த்தம் வரும். இத்தனை வருஷ ஊழியத்தில் நான் செய்ததைவிட என் அக்காவின் ஒரு பாட்டு அதிகம் செய்துவிட்டது என்று அந்தத் தம்பியே பிற்காலத்தில் சொன்னாராம்.

சரி, அயர்லாந்தும் இங்கிலாந்தும் தூரம், அங்கேயுள்ளவர்களை நமக்கு எப்படித் தெரியும் என்று விட்டுவிடலாம். எங்கள் திருச்சிக்கு வாருங்கள்.

‘தூயா தூயா தூயா, சர்வவல்ல நாதா’ என்று ஞாயிறு காலையில் எழுந்து நின்று பாடுகிறோமே, அதை எழுதிய ரெஜினால்டு ஹீபர் இறந்தது திருச்சியில், அடக்கம் செய்யப்பட்டது திருச்சி புனித யோவான் ஆலயத்தில். பிஷப் ஹீபர் கல்லூரியை எல்லாருக்கும் தெரியும். ஆயிரக்கணக்கான பிள்ளைகள் அங்கே படித்து வெளியே வந்திருக்கிறார்கள், அந்த ஹீபர்தான் இந்தப் பாட்டுக்காரர் என்று அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? இங்கிலாந்தில் ஹாட்னெட் என்ற ஊரில் போதகராக இருந்த காலத்தில், திருச்சபை ஆண்டின் ஒவ்வொரு ஞாயிறுக்கும் பொருத்தமான பாட்டுகள் வேண்டும் என்று எழுத ஆரம்பித்தவர் அவர். இது திரித்துவ ஞாயிறுக்கு எழுதியது. 1823-ல் கல்கத்தாப் பேராயராக வந்தார். 1826 மார்ச்சில் ஈஸ்டரைத் தஞ்சாவூரில் கொண்டாடினார், சரபோஜி மன்னரைச் சந்தித்தார், பிறகு திருச்சிக்கு வந்தார். ஏப்ரல் 3, திங்கட்கிழமை, விடியற்காலையில் கோட்டைப் பக்கத்து ஆலயத்தில் தமிழ்ச் சபையாருக்குத் திடப்படுத்தல் (ஞானஸ்நானம் பெற்றவர்களை விசுவாசத்தில் உறுதிப்படுத்தும்) ஆராதனை நடத்திவிட்டுத் தங்கியிருந்த வீட்டுக்குத் திரும்பி, வெயிலுக்குக் குளிக்கலாம் என்று அங்கிருந்த குளியல் குளத்தில் இறங்கினார். நேரமாகியும் வெளியே வரவில்லை என்று வேலைக்காரர் போய்ப் பார்த்தபோது உயிர் போயிருந்தது. வயது 42. ‘தூயா தூயா’ மூலப்பாட்டு அச்சில் வெளிவந்தது அவர் போன பிறகுதான்.

ஹீபரை நான் தூக்கி வைத்துப் பேசவில்லை. இலங்கைத் தீவில் காட்சியெல்லாம் அழகு, மனிதன் மட்டுமே இழிந்தவன் என்று இன்னொரு பாட்டில் எழுதியவரும் இவர்தான், இந்தப் பக்கம் ஒரு தடவைகூட வராத காலத்தில் எழுதியது அது. அந்த வரியை இன்று யாரும் பாடக்கூடாது, பாடவும் தேவையில்லை. அதையும் சேர்த்துத் தெரிந்துகொள்வதுதான் ஒரு மனிதரைத் தெரிந்துகொள்வது.

‘தூயா தூயா’ பாட்டுக்கு மெட்டு போட்டவர் ஜான் டைக்ஸ். ஹீபர் இறக்கும்போது அவருக்கு மூன்று வயது. 1861-ல் வெளிவந்த புகழ்பெற்ற ஆங்கிலிக்கன் பாட்டுப் புத்தகத்துக்காக எழுதிய மெட்டு அது. இன்றைக்கும் உலகத்தில் ஏதோ ஒரு மூலையில் ஒவ்வொரு ஞாயிறும் ஒலிக்கிறது. ஆனால் டைக்ஸின் கடைசி வருஷங்கள் பரிதாபமானவை. டர்ஹாமில் ஒரு பெரிய சபையைத் தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தார், உதவிப் போதகர் வேண்டும் என்றார், வழிபாட்டு முறை, அங்கி, தூபம் பற்றிய தகராறில் பேராயர் கொடுக்க மறுத்துவிட்டார். நீதிமன்றத்துக்குப் போனார், தோற்றார், உடம்பும் மனசும் உடைந்து 1876-ல் 52 வயதில் இறந்தார். குடும்பத்தைக் காப்பாற்ற, அவர் பாட்டைப் பாடியவர்கள்தான் பிறகு நிதி திரட்டினார்கள்.

இப்போது சென்னைக்கு. புரசைவாக்கத்தில் ஃபப்ரிசியஸ் பள்ளிக்கூடம் இருக்கிறது, பஸ்ஸில் போகும்போது பெயர்ப் பலகையைப் பலரும் பார்த்திருப்பீர்கள். யோகான் பிலிப் ஃபப்ரிசியஸ், ஜெர்மானியர், 1711-ல் பிறந்தவர், 1740-ல் இந்தியாவுக்கு வந்தவர், ஊருக்குத் திரும்பவே இல்லை. வேப்பேரியில் அரை நூற்றாண்டு. பிரெஞ்சுப் படை சென்னையைப் பிடித்தபோது பழவேற்காட்டுக்கு ஓடவேண்டி வந்தது. 1761-ல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்து அங்கிருந்த அச்சு இயந்திரத்தைக் கொண்டுவந்து, கம்பெனி வேலையை முதலில் அடித்துக் கொடுக்கவேண்டும் என்ற நிபந்தனையோடு இவரிடம் ஒப்படைத்தார்கள். அதில்தான் தமிழ் வேதாகமம், அகராதி, பாட்டுப் புத்தகம் எல்லாம் ஓடியது. ஜெர்மன் பாட்டுகளை நூற்றுக்கணக்கில் தமிழுக்குக் கொண்டுவந்தார், லுத்தரன் சபைகளின் ஞானப்பாட்டுக்கு அடித்தளம் அதுதான்.

அந்த வேலை எவ்வளவு கஷ்டம் என்பதைப் பாடுகிறவர்கள் ஒரு நிமிஷம் யோசிக்க வேண்டும். மெட்டு ஏற்கெனவே இருக்கிறது, அதை மாற்ற முடியாது, ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு அசை வந்து விழ வேண்டும், அர்த்தமும் போகக்கூடாது. புனித வெள்ளியில் ஞானப்பாட்டு மரபிலிருந்து நாம் பாடுகிற ‘இரத்தம் காயம் குத்தும் நிறைந்து நிந்தைக்கே’ என்பதை விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். இ, ரத், தம், கா, யம், குத், தும் என்று ஏழு, நி, றைந், து, நிந், தைக், கே என்று ஆறு. ஜெர்மன் மூலத்திலும் முதல் வரி ஏழு, அடுத்த வரி ஆறு. அந்த ஜெர்மன் பாட்டை எழுதியவர் பவுல் கெர்ஹார்ட், முப்பதாண்டுப் போரின் அழிவுக்குள் வளர்ந்து, ஐந்து பிள்ளைகளில் நாலு பேரைப் புதைத்தவர், பெர்லினில் மனச்சாட்சிக்கு விரோதமாகக் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லி வேலையையும் இழந்தவர். மெட்டு ஹான்ஸ் லியோ ஹாஸ்லருடையது, 1601-ல் அது வெளிவந்தபோது ஒரு காதல் பாட்டு! காதலில் மனம் கலங்கிப்போனவன் பாடுகிற மெட்டு, சிலுவையடியில் பாடும் மெட்டாகி, ஜெர்மன் இசை மேதை பாக் கையில் பட்டு, கடல் தாண்டி நம் ஊர் வந்திருக்கிறது.

ஃபப்ரிசியஸின் முடிவைச் சொல்ல எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. அவருக்குப் பணம் நிர்வகிக்கத் தெரியாது. சபைப் பணத்தையும் பிறர் நம்பிக் கொடுத்து வைத்த பணத்தையும் வட்டிக்குக் கொடுத்தார், போன பணம் திரும்பவில்லை. தமிழுக்கு வேதாகமத்தையும் பாட்டுப் புத்தகத்தையும் கொடுத்த மனிதர் முதுமையில் கடனுக்காகச் சென்னையில் சிறையில் இருந்தார். 1791 ஜனவரியில், 80 வயது முடிந்த மறுநாள் இறந்தார். இதை மறைத்து அவரைப் புனிதராகக் காட்ட வேண்டாம், ஆனால் பெயரையாவது பாட்டோடு சேர்த்து அச்சடிக்கலாம் அல்லவா?

நம் சொந்தத் தமிழ்க் கவிஞர்களுக்கும் இதே கதிதான். தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் பெயராவது நிறையப் பேருக்குத் தெரியும், அவர் எழுதிய பெத்லகேம் குறவஞ்சி என்றால் தலையாட்டுவார்கள். 1774-ல் நெல்லையில் பிறந்து, 12 வயது வாக்கில் ஜெர்மன் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரோடு தஞ்சாவூருக்கு வந்து, சரபோஜியோடு சேர்ந்து வளர்ந்து, கும்மி, ஏற்றப்பாட்டு, குறவஞ்சி என்று வயலிலும் வீட்டிலும் ஜனங்கள் பாடிக்கொண்டிருந்த வடிவங்களில் எல்லாம் கிறிஸ்துவைப் பாடியவர். புதிதாக வந்த மிஷனரிகள் ஆலயத்தில் தமிழ் இசை வேண்டாம் என்றபோது எதிர்த்து நின்றார், அதற்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம். அதே சண்டையில் அவர் ஆலயத்துக்குள் சாதிப் பிரிவினையையும் ஆதரித்துப் பேசினார், அது தவறு, எனக்கு அதில் இரண்டாவது எண்ணம் கிடையாது. 1853-ல் மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சில் கொண்டுவந்தபோது சாஸ்திரியாரின் பாட்டுகள்தான் அதற்கு முதுகெலும்பாக இருந்தன. நம் கையில் இருக்கிற கீர்த்தனைப் புத்தகத்தின் வம்சம் அங்கே தொடங்குகிறது.

அப்புறம் நெல்லைக் கரையிருப்பில் பிறந்த கிருஷ்ணபிள்ளை, வைணவக் குடும்பம், கம்பராமாயணத்தில் ஊறியவர், 1858-ல் ஞானஸ்நானம் பெற்றவர். ‘சத்தாய் நிஷ்களமாய்’ பாட்டைக் கேட்டால் ஆழ்வார் பாசுரம் கேட்ட காதுக்கு எங்கிருந்து இந்த நடை வந்தது என்று உடனே தெரிந்துவிடும். ஆபிரகாம் பண்டிதரைத் தமிழிசை ஆராய்ச்சிக்காக நினைவில் வைத்திருக்கிறார்கள், 1917-ல் வந்த கருணாமிர்த சாகரம் அப்படிப்பட்ட நூல்தான், ஆனால் அந்தத் தஞ்சாவூர் சித்த மருத்துவர் தானே கிறிஸ்தவக் கீர்த்தனைகள் இயற்றி, ராகம் அமைத்து, சுரத்தோடு அச்சடித்தவர் என்பது சபைக்கு உள்ளேயே மறந்துபோய்விட்டது. இவர்களுக்கும் கீழே, ஊர் உபதேசியார்களும் பள்ளி ஆசிரியர்களும் எழுதிய எத்தனையோ கீர்த்தனைகள் இருக்கின்றன. அவர்களைப் பற்றி நமக்குக் கிடைக்கிற ஒரே தடயம் பாட்டின் அடியில் இருக்கிற அந்தச் சின்ன எழுத்துப் பெயர்தான். அதையும் நீக்கிவிட்டால் அந்த மனிதர் அத்தோடு காணாமல் போய்விடுவார்.

ஆகவே ஆசிரியருக்கு என் வேண்டுகோள்: தவக்காலத்திலும் கிறிஸ்துமஸுக்கு முந்தைய அட்வென்ட் காலத்திலும் வாரத்துக்கு ஒரு பாட்டு என்று எடுத்து, எழுதியவர், மெட்டமைத்தவர், தமிழாக்கியவர் பற்றிக் கால் பக்கம் போடுங்கள். வேறு மதத்தவரும் விரும்பிப் படிப்பார்கள், காந்திக்குப் பிடித்தது என்று எல்லாருக்கும் தெரிந்த ‘என்னோடிரும் மா நேச கர்த்தரே’ பாட்டின் ஆங்கில மூலத்திலிருந்தே ஆரம்பிக்கலாம். 2022-ல் டெல்லி குடியரசு தின நிறைவு விழாவிலிருந்து அந்த மெட்டை எடுத்தபோது நாடு முழுக்கப் பேசினோம், ஆனால் பாட்டை எழுதிய ஹென்றி லைட், மெட்டு போட்ட வில்லியம் மங்க் இருவர் பெயரையும் அந்தப் பேச்சில் நான் அதிகம் கேட்கவில்லை.

சபை நிர்வாகிகளுக்கும் ஒன்று. திரையில் முதல் பக்கத்தில் பாட்டு எண்ணுக்குக் கீழே ஒரே ஒரு வரி: எழுதியவர், மெட்டு அல்லது ராகம், ஆண்டு. இதற்குச் செலவு கிடையாது, கம்ப்யூட்டரில் உட்காருகிற பிள்ளை ஐந்து நிமிஷத்தில் செய்துவிடும். பாட்டு அறிவிக்கிற போதகர் அதை ஒரு தடவை வாய்விட்டு வாசித்தால் போதும். வீட்டில் தாத்தா பாட்டி காலத்துப் பாட்டுப் புத்தகம் வைத்திருப்பவர்கள், அட்டை போய்விட்டது, செல்லரித்துவிட்டது என்று பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். பாட்டின் அடியில் பெயர் இருக்கிற பக்கங்களைப் போனில் படம் எடுத்து, எந்த ஆண்டுப் பதிப்பு என்று குறித்து, உங்கள் சபை அலுவலகத்திலோ பக்கத்து இறையியல் கல்லூரி நூலகத்திலோ கொடுங்கள். அடுத்த பதிப்பு அச்சுக்குப் போகும் முன்பே கொடுத்தால் ரொம்ப நல்லது.

இப்படிக்கு,
பாடகர் குழுவைச் சேர்ந்த ஒரு வாசகர்,
திருச்சிராப்பள்ளி